பின்னிணைப்பிலிருந்து தொடங்குங்கள்: ஷோத்கங்கா

பகலில் பெங்களூரின் பீன்யாவில் ஒரு பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். இரவு ஒன்பது மணிக்கு மேல், அல்சூர் வீட்டில், தாலாட்டுப் பாடல்கள் பற்றிய முனைவர் பட்ட ஆய்வு. அச்சான நூல்களுக்குத் தமிழ்ச் சங்க நூலகம் நடக்கும் தூரத்தில் இருக்கிறது. ஆய்வேடுகளுக்குத்தான் வழியில்லாமல் இருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒரே ஓர் ஏட்டைப் பார்க்க இரவு ரயிலில் போனேன். கடிதத்தில் துறை முத்திரை இல்லை என்று நூலக வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஷோத்கங்கா அப்போது எனக்குத் தெரியாது.

குஜராத்தின் காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும், ஆய்வேடுகளுக்கான இணையக் களஞ்சியம் அது. ஆய்வேட்டின் மின்படியையும் ஒப்படைக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் விதி வகுத்தது. நாடெங்கிலுமிருந்து ஏடுகள் வந்து சேர்கின்றன. படிக்கப் பணமோ கடவுச்சொல்லோ வேண்டாம்.

ஒவ்வோர் ஏடும் தலைப்புப் பக்கம், சான்றிதழ், இயல்கள் என்று தனித்தனிக் கோப்புகளாகக் கிடக்கும். பலரும் முன்னுரையையும் முடிவுரையையும் மட்டும் இறக்கிக்கொள்கிறார்கள். நாட்டார் வழக்காறு படிப்பவர்கள் பின்னிணைப்பைத்தான் முதலில் திறக்க வேண்டும். களத்தில் சேகரித்த பாடல்கள் அச்சு ஏறாமல் அங்கேதான் இருக்கின்றன.

சென்ற மாதம் திறந்த ஒரு பழைய ஏடு தட்டச்சுப் படி. இயந்திரம் விட்டுவிட்ட புள்ளிகளை ஆய்வாளர் ஒவ்வொன்றாகப் பேனாவால் வைத்திருந்தார். கடைசியில் தகவலாளர் பட்டியல்: பெயர், வயது, ஊர், தொழில். கல்வி என்ற கட்டத்தில் வரிசையாக ‘இல்லை’, ‘இல்லை’. அந்தப் பெண்கள் பாடியவை நாற்பது பக்கங்களுக்கு மேல். ஊர்கள் கிருஷ்ணகிரிப் பக்கம், என் பாட்டியின் பக்கம். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மூன்றாவது பாட்டில் என்னை நிறுத்தி, தாய்மாமன் சீர் வரிசையில் ஏட்டில் இல்லாத இரண்டு அடிகளைப் பாடினார். தேதியோடு குறித்துக்கொண்டேன்.

அந்த ஏடு வெறும் படமாக ஸ்கேன் செய்யப்பட்டது. உள்ளே சொல் தேட முடியாது. ஏற்றிய பல்கலைக்கழகம் சில பக்கங்களைக் கோணலாகவும் வைத்திருந்தது. கோபம் வந்தது. நாற்பது பக்கத்தையும் கையால் பெயர்த்து எழுத ஐந்து இரவுகள் ஆயின.

தேடுவதில் இன்னொரு சிக்கல் உண்டு. தமிழ் ஆய்வேடுகள் பலவற்றின் தலைப்பு ரோமன் எழுத்தில் இருக்கிறது. நெடிலுக்கு ஒருவர் இரண்டு ‘a’ போடுகிறார், இன்னொருவர் ஒன்றோடு விட்டுவிடுகிறார். ‘தாலாட்டு’ என்று தமிழில் தட்டி ஒன்றும் வரவில்லை என்றால் சோர்ந்துவிடாதீர்கள். பல்கலைக்கழகம், பிறகு தமிழ்த் துறை என்று உள்ளே போய்ப் பட்டியலை வரி வரியாகப் பாருங்கள். எனக்குப் பயன்பட்டவற்றில் பாதி இப்படிக் கிடைத்தவைதான்.

தலைப்பைப் பதிவு செய்யும் முன்பு, நடந்துவரும் ஆய்வுகளின் சுருக்கங்களுக்கான ஷோத்கங்கோத்ரியையும் ஒரு மாலை உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். உங்கள் பொருளில் வேறொருவர் ஏற்கெனவே இறங்கியிருக்கலாம்.

இறக்கும் கோப்புகளுக்கு உடனே பெயர் மாற்றுங்கள். எந்த ஏட்டை எடுத்தாலும் முதல் கோப்பின் பெயர் ‘தலைப்பு’ என்றுதான் இருக்கும். ஏட்டுக்கு ஒரு கோப்புறை போட்டு, ஷோத்கங்காவில் அந்த ஏட்டின் பக்கத்தில் தந்திருக்கும் நிலையான முகவரியையும் உள்ளே எழுதி வையுங்கள். அடிக்குறிப்பு எழுதும்போது அதுதான் தேவைப்படும்.