வயதான பூனைக்குச் சிறுநீரகம் செயலிழந்தால்: கிளினிக் டிரிப்பா, வீட்டிலேயே தோலடி டிரிப்பா?

ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) டெசிலிட்டருக்கு 5 மி.கி.யைத் தாண்டிவிட்டால் அது சிறுநீரக நோயின் நான்காம் நிலை. குணமாக்க மருந்து கிடையாது. உடம்பில் நீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் குமட்டல் குறையும், பூனை கொஞ்சம் சாப்பிடும். அந்த நீரை எந்த வழியில் ஏற்றுவது என்பதுதான் கேள்வி.

கிளினிக்கில் நரம்பு வழியாக ஏற்றும் டிரிப்புக்கு அதற்கான நேரம் உண்டு. நேற்றுவரை நடமாடிய பூனை இன்று சுருண்டு கிடந்தால், நோய் முற்றியதால்தான் என்று முடிவுகட்ட வேண்டாம். சிறுநீரகத் தொற்றோ, வாந்தியால் வந்த வறட்சியோ சேர்ந்திருக்கலாம். அப்படி ஏறிய கிரியேட்டினின் அளவு ஓரளவு இறங்கும். இரண்டு மூன்று நாள் ஏற்றி, மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். எண் அசையவே இல்லையா? மேலும் ஏற்றிப் பெரிதாகப் பயனில்லை. எதைப் பார்த்து நிறுத்துவார்கள் என்பதைச் சேர்க்கும்போதே கேட்டுவிடுங்கள். இரவில் ஆள் இருப்பார்களா என்பதையும். நாய் குரைக்கும் வார்டில் கூண்டுக்குள் பூனை சாப்பிடாது. மற்றபடி நல்ல சிகிச்சையையே இது கெடுத்துவிடும்.

மாதக்கணக்கில் பார்த்துக்கொள்ள, தோலுக்கு அடியில் நீர் ஏற்றும் வீட்டு டிரிப்தான் சரி. 500 மி.லி. ரிங்கர் லாக்டேட் பாட்டில், ஐ.வி. செட், 18 அல்லது 20 கேஜ் ஊசி போதும். ஊசியின் பிளாஸ்டிக் அடிப்பகுதி இளஞ்சிவப்பு என்றால் 18, மஞ்சள் என்றால் 20. மெல்லிய ஊசி வலிக்காது என்று 22 வாங்குவார்கள். சொட்டு இழுத்துக்கொண்டே போய், பூனை பொறுமை இழந்து எழுந்துவிடும். பொதுவாக ஒரு வேளைக்கு 100 மி.லி.; தினமுமா, ஒருநாள் விட்டு ஒருநாளா என்பதை எடை பார்த்து டாக்டர் சொல்வார். கடையில் டெக்ஸ்ட்ரோஸ் கலந்ததைக் கொடுத்தால் வாங்காதீர்கள், அது தோலடிக்கு ஆகாது.

பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் வைத்து உடல் சூட்டுக்குக் கொண்டுவந்து, ஜன்னல் கம்பியில் உயரமாக மாட்டுங்கள். குழாயில் காற்றை வெளியேற்றிவிட்டு, தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைக் கூடாரம்போல் தூக்கி, உடம்புக்கு இணையாகக் குத்துங்கள். ரோமம் நனைந்தால் ஊசி மறுபக்கம் வந்துவிட்டது. சொட்டு நின்றால் ஊசியை லேசாகத் திருப்பினால் போதும். ஒவ்வொரு முறையும் புது ஊசி. திரவம் கலங்கியிருந்தால் கொட்டிவிடுங்கள்.

ஏற்றிய நீர் வீங்கி முன்னங்காலுக்கு இறங்குவதைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். அது சில மணி நேரத்தில் வற்றும். மறுநாளும் அப்படியே இருந்தால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் டாக்டரிடம் பேசுங்கள். தூங்கும்போது மூச்சு நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டினால் உடனே நிறுத்த வேண்டும். இதயம் பலவீனமான பூனைக்கு நுரையீரலில் நீர் சேரலாம். இந்த ஆபத்து கிளினிக் டிரிப்பிலும் உண்டு.

இரண்டுக்கும் பொதுவான ஒரு எச்சரிக்கை: வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். சிறு துண்டே பூனையைக் கொல்லும்.

நீர் ஏற்றியும், வாந்தியை நிறுத்தும் மருந்து கொடுத்தும் சாப்பாட்டை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை, மணல் தட்டுவரை நடக்க முடியவில்லை என்றால் இரண்டு டிரிப்பும் வேண்டாம். கருணைக்கொலையைப் பற்றிப் பேசும் நேரம் அது. முதலில் மயக்க ஊசி, அது ஆழ்ந்த பிறகே இறுதி ஊசி என்ற முறையைக் கேளுங்கள். டாக்டர் வீட்டுக்கு வருவாரா என்பதை, நிலைமை அந்த அளவுக்குப் போகும் முன்பே விசாரித்து வைப்பது நல்லது.