ஜாய் டிவிஷனை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது? என் பதில்: 'சப்ஸ்டன்ஸ்'

போன மாதம் அக்கா மகன் வீட்டுக்கு வந்திருந்தான். கறுப்பு டிஷர்ட், நெஞ்சில் மலைத்தொடர் மாதிரி அடுக்கடுக்காக வெள்ளைக் கோடுகள். "இது என்னன்னு தெரியுமாடா?" என்று கேட்டேன். "தெரியல மாமா, டிசைன் நல்லாருந்துச்சு, வாங்கிட்டேன்" என்றான். அதில் தப்பே இல்லை, டிசைன் நிஜமாகவே நன்றாகத்தான் இருக்கிறது. அன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அவனை உட்காரவைத்து ஹெட்போனை மாட்டிவிட்டேன். முதலில் எந்தப் பாட்டைப் போடுவது? ஜாய் டிவிஷன் என்ற இந்த இங்கிலாந்து ராக் இசைக்குழுவை யாருக்கு அறிமுகப்படுத்தினாலும் எனக்கு இந்தக் கேள்வி வரும், பல வருடம் தப்பான பதிலைத்தான் சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

முதலில் அந்தக் கோடுகள். 1967ல் கேம்பிரிட்ஜில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்ட பல்சார் என்ற வகை நட்சத்திரத்திலிருந்து வந்த ரேடியோ துடிப்புகளை ஒன்றின்கீழ் ஒன்றாக வரைந்த படம் அது. வானியல் கலைக்களஞ்சியம் ஒன்றில் வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடாக இருந்ததை, பீட்டர் சாவில் என்ற டிசைனர் கறுப்பில் வெள்ளையாகத் திருப்பிப்போட்டு 1979ல் ஜாய் டிவிஷனின் முதல் ஆல்பமான 'அன்னோன் ப்ளெஷர்ஸ்' அட்டையாக்கினார். முன்பக்கத்தில் குழுவின் பெயரும் இல்லை, ஆல்பத்தின் பெயரும் இல்லை. அதனால்தான் டிஷர்ட் போட்டிருப்பவருக்கே அது என்னவென்று தெரியாமல் போகிறது.

புதிதாகக் கேட்பவர்களிடம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் நீட்டுவார்கள். ஒன்று, அந்த முதல் ஆல்பம். இல்லையென்றால் 'லவ் வில் டேர் அஸ் அபார்ட்' பாட்டு. இரண்டும் அருமையானவை, இரண்டும் முதல் வாசலாக இருக்கக்கூடாதவை. அந்த ஆல்பத்தின் ஒலி முதல் தடவை கேட்பவருக்கு எங்கோ தூரத்தில், ஆள் இல்லாத பெரிய கட்டடத்துக்குள் நடப்பது போல இருக்கும், காது பழகாமல் உள்ளே போனால் "என்ன இது, இவ்வளவு இறுக்கமா இருக்கு" என்று கழற்றி வைத்துவிடுவார்கள். அந்தப் பாட்டைப் போட்டாலோ உடனே பாடகரின் கதையும் கூடவே வந்துவிடும். இயன் கர்ட்டிஸ் 1980 மே 18 அன்று, குழுவின் முதல் அமெரிக்கப் பயணம் தொடங்கவிருந்த நேரத்தில், 23 வயதில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அதைச் சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டால் கேட்பவர் துக்க வீட்டுக்குள் நுழைவது போலத்தான் நுழைவார். டிரம்ஸ் என்ன செய்கிறது, பேஸ் கிடார் என்ன செய்கிறது என்று கவனிக்கவே மாட்டார்.

அதனால் என் பரிந்துரை 1988ல் வந்த 'சப்ஸ்டன்ஸ்' தொகுப்பு. இந்தக் குழு ஸ்டுடியோவில் பதிவுசெய்த முழு ஆல்பம் இரண்டே இரண்டுதான், 'அன்னோன் ப்ளெஷர்ஸ்' அப்புறம் 1980ன் 'க்ளோசர்'. தனிப் பாட்டாக வெளியிட்ட முக்கியமானவற்றை அவர்கள் ஆல்பத்தில் சேர்க்கவில்லை. 'டிரான்ஸ்மிஷன்' எந்த ஆல்பத்திலும் கிடையாது. 'அட்மாஸ்ஃபியர்' கிடையாது. உலகமே அறிந்த 'லவ் வில் டேர் அஸ் அபார்ட்' கூடக் கிடையாது. இரண்டு ஆல்பத்தையும் கரைத்துக் குடித்தவர்கள்கூடப் பாதிக் குழுவைத்தான் கேட்டிருப்பார்கள், மிச்சப் பாதி 'சப்ஸ்டன்ஸில்' இருக்கிறது. எல்பி இசைத்தட்டில் 10 பாட்டு, சிடியில் கூடுதலாக 7 சேர்த்து 17. 2015ல் மறுபடி எல்பியாக வந்தபோது 19 ஆனது. முதல் தடவை கேட்பவருக்கு அந்த முதல் 10 போதும்.

இதன் பெரிய பலம் அந்த 10 பாட்டின் வரிசை. 1976 ஜூன் 4 அன்று மான்செஸ்டரில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் (வேகமும் முரட்டுத்தனமும் கொண்ட ராக்) குழுவின் கச்சேரிக்குப் போன பெர்னார்ட் சம்னரும் பீட்டர் ஹுக்கும் நாமும் ஒரு குழு தொடங்கவேண்டும் என்ற முடிவோடு வெளியே வந்தார்கள். வாசிக்கவே தெரியாத ஹுக் மறுநாளே அம்மாவிடம் 35 பவுண்டு வாங்கிக்கொண்டு போய் ஒரு பேஸ் கிடார் வாங்கினார். அந்த ஆரம்பத்தின் சத்தம்தான் முதல் பாட்டு 'வார்சா'. வேகம், கத்தல், முரட்டு கிடார், அவ்வளவுதான். அன்றைய இங்கிலாந்தில் இப்படி வாசித்த பையன்கள் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். இதைக் கேட்டுவிட்டு "இவ்வளவுதானா?" என்று தோன்றினால் அது சரியான எதிர்வினைதான். அடுத்த 9 பாட்டில், இரண்டே வருட இடைவெளியில், இதே நாலு பேர் எங்கே போய்ச் சேர்கிறார்கள் என்பதைக் காதால் பார்க்க முடிகிறது, வேறு எந்தத் தொகுப்பிலும் இது இவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை.

குழுவின் பெயரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் தேடிப் படிக்கும்போது அதில் வந்து முட்டிக்கொள்வார்கள். நாஜி வதைமுகாமில் பெண்கள் பாலியல் அடிமைகளாக வைக்கப்பட்ட பகுதிக்கு ஒரு நாவல் கொடுத்த பெயர் அது. சில பாட்டு மட்டும் உள்ள சிறு இசைத்தட்டான முதல் இபியின் அட்டையில் ஹிட்லர் இளைஞர் படையைச் சேர்ந்த பையன் படம் வேறு. 'வார்சா' தொடங்கும்போது கத்தப்படும் எண்கள் ஹிட்லரின் துணைத்தலைவராக இருந்த ருடால்ஃப் ஹெஸ்ஸின் கைதி எண். அவர்கள் நாஜி ஆதரவாளர்கள் இல்லை, ஆனால் அந்தக் காலத்துப் பங்க் இளைஞர்களிடம் இருந்த அதிர்ச்சி கொடுக்கும் ஆசை இவர்களிடமும் இருந்தது. எனக்கு இந்தப் பெயர் இன்றும் சங்கடம்தான், அந்தச் சங்கடத்தோடுதான் இவர்களைக் கேட்கிறேன்.

திருப்பம் மூன்றாவது பாட்டில், 'டிஜிட்டல்'. மார்ட்டின் ஹானெட் என்ற தயாரிப்பாளர் இவர்களை முதன்முதலாகப் பதிவுசெய்தது இதில்தான், 1978 அக்டோபரில், ராச்டேல் ஊரில். முந்தின பாட்டு வரை நாலு பேரும் ஒரே அறையில் ஒருவர்மேல் ஒருவர் ஏறி நின்று வாசிப்பது போல இருக்கும். இதில் திடீரென்று ஒவ்வொருவருக்கும் தனி இடம் கிடைத்துவிடுகிறது. ஸ்டீபன் மோரிஸின் டிரம்ஸ் அடியைச் சுற்றி ஒரு வெற்றிடம் இருக்கிறது, ஒவ்வோர் அடிக்கும் சின்ன எதிரொலி ஒட்டிக்கொண்டு வருகிறது, மேளத்தைச் சுவர் எதிரில் அடித்தால் கேட்குமே அப்படி. அப்போது புதிதாக வந்திருந்த டிஜிட்டல் டிலே என்ற எதிரொலிக் கருவியை ஹானெட் இப்படித்தான் பயன்படுத்தினார். பின்னாளில் முதல் ஆல்பத்தைப் பதிவுசெய்தபோது ஸ்டுடியோவின் லிஃப்ட் சத்தத்தைக்கூட ஒரு பாட்டில் சேர்த்தார். மேடையில் வாசிக்கும் மூர்க்கம் ஆல்பத்தில் வரவில்லையே என்று ஹுக்குக்கும் சம்னருக்கும் அவர்மேல் வருத்தம். எனக்கு ஹானெட் பக்கம்தான் நியாயம் என்று படுகிறது, மூர்க்கமாக வாசிக்கப் பலர் இருந்தார்கள், அந்த வெற்றிடத்தைக் கொடுக்க அவர் ஒருவர்தான் இருந்தார்.

இப்போது பேஸ் கிடாருக்கு வருகிறேன், இந்தக் குழுவுக்குள் நுழைய அதுதான் கதவு. ஹுக்கின் ஆம்ப்ளிஃபையர் மட்டமானது, பக்கத்தில் சம்னரின் கிடார் பெரிய சத்தம். கீழ் ஸ்தாயியில் வாசித்தால் தான் வாசிப்பது தனக்கே கேட்கவில்லை என்று மேல் ஸ்தாயிக்குப் போனார். அங்கே போனதும் மெட்டே அவர் கைக்கு வந்துவிட்டது. வழக்கமாகப் பேஸ் அடித்தளம் போடும், கிடார் மேலே பாடும். இவர்களிடம் பேஸ் பாடுகிறது, கிடார் பக்கத்தில் நின்று கீறுகிறது, டிரம்ஸ் கடிகாரம் மாதிரி ஓடுகிறது. இளையராஜா பாட்டில் பேஸ் கிடாரை மட்டும் தனியாகப் பின்தொடர்ந்து கேட்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஜாய் டிவிஷன் சீக்கிரம் பிடிபட்டுவிடும். ஆனால் தயவுசெய்து போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். அதில் பேஸ் கரைந்து, கீறல் மட்டும்தான் மிஞ்சும்.

அன்று ராத்திரி அக்கா மகனுக்கு நான் போட்டது 'டிரான்ஸ்மிஷன்'. "பாடுறவரைக் கவனிக்காத, பேஸை மட்டும் பிடிச்சுக்கிட்டே போ" என்று மட்டும் சொன்னேன். பாட்டு ரேடியோவைப் பற்றியது. கர்ட்டிஸ் அறிவிப்பு வாசிப்பவர் போல அடங்கிய கனத்த குரலில் ஆரம்பிப்பார், கொஞ்சம் கொஞ்சமாக அந்த அடக்கம் கழன்றுகொண்டே வந்து, கடைசியில் ரேடியோவுக்கு ஆடு, ஆடு என்று கத்துவார். வேகம் கூடுவதில்லை, எல்லாம் அதே தாளம்தான், அழுத்தம் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. குரல் உடையும் அந்த இடம் வந்தபோது பையனின் முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு வேண்டியது அதுதான். இது சோக இசை என்று முத்திரை குத்தி வைத்திருக்கிறார்கள், ஆனால் அடிப்படையில் இது ஆடுவதற்கான இசை. கர்ட்டிஸ் போன பிறகு மற்ற மூவரும் நியூ ஆர்டர் என்ற குழுவாகி 1983ல் 'ப்ளூ மண்டே' பாட்டைக் கொடுத்து உலகத்தின் டிஸ்கோக்களை ஆட்டிவைத்தது தற்செயல் இல்லை, அந்த விதை இங்கேயே இருக்கிறது.

அடுத்தது 'ஷீஸ் லாஸ்ட் கண்ட்ரோல்'. கர்ட்டிஸ் மாக்கிள்ஸ்ஃபீல்ட் ஊரில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வேலை பார்த்தவர், உடற்குறைபாடு உள்ளவர்களுக்கு வேலை தேடித் தருவது அவர் பொறுப்பு. வலிப்பு நோய் உள்ள ஒரு பெண் அடிக்கடி வந்துகொண்டிருந்தார், பிறகு வருவது நின்றுபோனது. எங்கோ வேலை கிடைத்துவிட்டது போல என்று நினைத்திருந்தவருக்கு, அந்தப் பெண் வலிப்பில் இறந்துவிட்டார் என்ற செய்தி பிறகுதான் தெரிந்தது. அதிலிருந்து எழுதிய பாட்டு. 1979 ஜனவரியில் கர்ட்டிஸுக்கே வலிப்பு நோய் உறுதியானது. இதைத் தெரிந்துகொண்டு கேட்கும்போது அந்த டிரம்ஸின் இயந்திரத்தனம் வேறு மாதிரி உறைக்கிறது. முதல் ஆல்பத்தில் உள்ள வடிவத்தில் ஸ்ஸ், ஸ்ஸ் என்று கேட்கும் சத்தம், டேப் ஹெட் துடைக்கும் ஸ்பிரேயைத் தாளத்துக்கு அடித்துப் பதிவுசெய்தது. 'சப்ஸ்டன்ஸில்' இருப்பது 1980ல் மறுபடி பதிவுசெய்த நீளமான வடிவம், சிந்தசைசர் அதிகம், கடைசியில் கூடுதல் வரிகளும் உண்டு. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். எனக்குப் பழையதுதான் பிடிக்கும், இந்தத் தொகுப்பில் நான் மாற்ற நினைக்கும் ஒரே இடம் இதுதான்.

'ஆட்டோசஜஷன்' ஆறு நிமிடம் இழுக்கிறது, முதல் தடவை தாண்டிப் போகலாம். 'இன்க்யூபேஷன்' குரலே இல்லாத வாசிப்பு, கடைகளில் இலவசமாகக் கொடுத்த மெல்லிய பிளாஸ்டிக் தட்டில் வந்தது, கேட்கலாம், கேட்காமலும் விடலாம்.

ஆனால் கடைசி மூன்று பாட்டுக்காகவே இதை வாங்கலாம். 'டெட் சோல்ஸ்' தொடங்கி சுமார் இரண்டு நிமிடம் குரலே வராது, கிடாரும் டிரம்ஸும் வட்டமடித்துக்கொண்டே இருக்கும், "பாடகர் எங்கே?" என்ற தவிப்பு உச்சத்துக்கு வரும்போதுதான் கர்ட்டிஸ் உள்ளே வருவார். அப்புறம் 'அட்மாஸ்ஃபியர்'. மணி உதிர்வது போல ஒலிக்கும் அந்தச் சத்தம், அடியில் மெதுவான டிரம்ஸ், மேலே அவசரமே இல்லாத குரல். 'வார்சா'வில் கத்திய அதே ஆள்தான் இவர் என்று நம்புவது கஷ்டம். முதலில் பிரான்சில் வெறும் 1,578 பிரதிகள்தான் வெளியிட்டார்கள். கடைசியில் 'லவ் வில் டேர் அஸ் அபார்ட்'. ஒன்பது பாட்டைக் கடந்து இங்கே வரும்போது கீபோர்டும் பேஸும் ஒரே மெட்டை ஒன்றுபோல வாசிப்பது காதில் விழுகிறது, துக்க வீட்டு வாசல் வழியாக வந்திருந்தால் விழுந்திருக்காது.

இதற்கப்புறம் 'அன்னோன் ப்ளெஷர்ஸ்', ராத்திரியில், ஹெட்போனில், 39 நிமிடமும் ஒரே மூச்சில். 'க்ளோசர்' சில வாரம் கழித்துப் போதும். அது இன்னும் பெரிய ஆல்பம் என்பது என் அபிப்பிராயம், ஆனால் கனமானது, மனசு சரியில்லாத நாளில் தனியாக உட்கார்ந்து கேட்காதீர்கள். அந்த மரணத்தில் அழகு எதுவும் இல்லை. நோய், திருமண முறிவு, ஓயாத கச்சேரிகள் எல்லாம் ஒரு இளைஞனை நசுக்கியபோது சுற்றி இருந்தவர்கள் கவனிக்கத் தவறினார்கள், அதை அவர்களே பிறகு சொல்லியிருக்கிறார்கள்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. 'சப்ஸ்டன்ஸ்' என்று தேடினால் இரண்டு தொகுப்பு வரும். 1987ல் வந்தது நியூ ஆர்டருடையது, 1988ல் வந்ததுதான் இது. தவறி அதை வாங்கிவிட்டாலும் நஷ்டமில்லை, இதை முடித்ததும் அதன் முதல் பாட்டைப் போடுங்கள், 'செரமனி'. கர்ட்டிஸ் இருந்தபோது குழு கடைசியாக உருவாக்கிய பாட்டுகளில் ஒன்று. அவர் போன பிறகு மிச்சம் இருந்த மூன்று பேரிடம் சரியாகக் கேட்காத ஒரு டேப் மட்டும்தான் இருந்தது, அதை ஈக்வலைசரில் போட்டு ஒலியைக் கூட்டிக் குறைத்து, அவர் என்ன பாடியிருக்கிறார் என்று வரி வரியாகக் காது கொடுத்து எழுதி எடுத்தார்கள். 1981ல் சம்னர் அதைப் பாடினார். பாடிப் பழகாத குரல், சுருதி அங்கங்கே நழுவும். பேஸ் அதே இடத்தில், மேல் ஸ்தாயியில், பாடிக்கொண்டே இருக்கிறது.