டர்போ அசல்தான், எஞ்சின்தான் வேறு: என் 8,500 வெள்ளி போன கதை

நேற்று மாலைதான் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றினார்கள். மூன்றாவது பிஸ்டனின் ஓரம் எலி கடித்த வடை மாதிரி இருந்தது. அதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கோபம் அடங்கிய பிறகு எழுது என்று தங்கை சொன்னாள். அடங்கிவிட்டால் எழுத மாட்டேன், என்னை எனக்குத் தெரியும். அதனால் இப்போதே எழுதுகிறேன்.

8,500 வெள்ளி. ஷா ஆலாமில் பதினான்கு மாதம் இரவு ஷிப்டு ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த காசு.

எஞ்சினை விற்ற கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் இருக்கும் ஒரு ஹாஃப்கட் கடை, அவ்வளவுதான். ஜப்பானில் பழைய காடிகளின் முன்பாதியை அப்படியே வெட்டிக் கப்பலில் கொண்டுவந்து, எஞ்சின், கியர்பாக்ஸ் என்று பிரித்து விற்கிற கடை. பட்டறையும் அவர்களிடமே உண்டு. வாங்கலாம், அங்கேயே மாட்டிக்கொள்ளலாம்.

காடி அப்பாவுடையது. 1996 புரோட்டோன் வீரா 1.5. அப்பா போன பிறகு விற்க மனசு வரவில்லை. எஞ்சின் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை. எனக்குத்தான் டர்போ ஆசை. சின்ன வயதில் பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர் டர்போ போட்ட வீராவில் என்னை உட்கார வைத்து ஒரு சுற்று போனார். முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது இன்னும் நினைவிருக்கிறது. அந்த ஆசைக்குத்தான் இந்த விலை.

எந்த எஞ்சினைப் போடுவது என்று ஆறு மாதம் மண்டையைக் குடைந்தேன். வீராவே மிட்சுபிஷி லான்சரை வைத்துச் செய்ததுதான். அதனால் அந்தக் குடும்பத்து எஞ்சின்கள் பெரிய வெட்டு ஒட்டு இல்லாமல் உட்காரும். 4ஜி92 மைவெக் இருக்கிறது, 1.6 லிட்டரில் 175 குதிரைத்திறன். ஆனால் அது டர்போ இல்லாமல் உயர்ந்த சுற்றில் கத்தி ஓடப் பிறந்தது, டர்போ போட ஆகாது. அடுத்தது 4ஜி63டி. லான்சர் ஈவோ 1 முதல் 3 வரை வந்த 2 லிட்டர் டர்போ, 250 குதிரையில் தொடங்கி 270 வரை போகும். அதைப் போட்டால் பிரேக், சஸ்பென்ஷன், ரேடியேட்டர் என்று எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். அப்பா காடியும் தாங்காது, என் பர்சும் தாங்காது.

இரண்டுக்கும் நடுவில்தான் 4ஜி93டி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்த லான்சர் ஜிஎஸ்ஆரின் 1.8 லிட்டர் டர்போ. 195 குதிரை. அழுத்த விகிதம், அதாவது பிஸ்டன் உள்ளே வந்ததை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்ற கணக்கு, 8.5. இந்த 8.5தான் விஷயமே. டர்போ காற்றை ஏற்கெனவே அமுக்கித்தான் உள்ளே அனுப்புகிறது. பிஸ்டனும் அதை அளவுக்கு மீறி அமுக்கினால், சூட்டில் பெட்ரோல் நேரம் தப்பித் தானாகவே வெடிக்கும். நாக்கிங் என்று சொல்வது அதைத்தான். சுத்தியலால் பிஸ்டன் தலையில் அடிக்கிற மாதிரி. அதனால்தான் டர்போ எஞ்சினுக்கு விகிதத்தைக் குறைத்து வைக்கிறார்கள். இதே 4ஜி93 டர்போ இல்லாமல் புரோட்டோன் சத்ரியா ஜிடிஐயில் வந்தது, அதற்கு 10.5. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி.

இந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் ஏமாந்தேன் என்பதில்தான் வயிறு எரிகிறது.

நாலு கடை ஏறி இறங்கினேன். இந்தக் கடையில்தான் நம்ம ஆள். நெற்றியில் திருநீறு, மேசையில் முருகன் படம். "வாங்க தம்பி, உட்காருங்க" என்று தேத்தாரே வாங்கிக் கொடுத்தார். அப்பா காடி என்று சொன்னதும் எழுந்து வெளியே வந்து, வீராவின் பானெட்டைத் தடவிப் பார்த்தார். "பெரியவர் நல்லா வச்சிருந்திருக்கார். இத என் சொந்தக் காடி மாதிரி செஞ்சு தர்றேன்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் கலங்கியது உண்மை.

அப்புறம் பின்பக்கம் அழைத்துப் போனார். எஞ்சின் ஒரு மரப்பலகை மேல் இருந்தது, டர்போ அதிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. கடைப்பையனைக் கூப்பிட்டு டர்போவின் குழாயைக் கழற்றச் சொன்னார். "நான் சொல்றத நம்பாதீங்க, நீங்களே கை விட்டு ஆட்டிப் பாருங்க" என்றார். பார்த்தேன். தண்டில் ஆட்டமே இல்லை. இறக்கையில் ஒரு கீறல் இல்லை. விரலால் சுழற்றினால் வழுக்கிக்கொண்டு ஓடியது. அந்த நிமிடத்தில்தான் நான் விழுந்தேன். சோதித்துப் பார்க்கச் சொல்கிற ஆள் ஏமாற்ற மாட்டான் என்று நினைத்தேன். டர்போ அசலாகவே ஜிஎஸ்ஆர் டர்போதான், இன்றைக்கும் அதில் குறை இல்லை. அது எதில் தொங்கியது என்பதுதான் நான் பார்க்காதது.

இரண்டு இடத்தில் எனக்கே உறுத்தியது. எஞ்சினின் அடியில் ஆயில் தேங்குகிற தொட்டியில், அதாவது ஆயில் சம்ப்பில், புதிதாக வெல்டிங் வைத்த தடம் ஒன்று தெரிந்தது. கேட்டேன். "கப்பல்ல வரும்போது அடி வாங்கிச்சு, லீக் ஆகக் கூடாதுன்னு அடைச்சோம்" என்றார். இன்னொன்று கியர்பாக்ஸ். ஜப்பான் ஜிஎஸ்ஆர் நான்கு சக்கர இழுவை. அதன் கியர்பாக்ஸை வீராவில் போட வேண்டுமென்றால் இரண்டு சக்கரத்துக்கு மாற்றும் வேலை தனியாக உண்டு. இங்கே இருந்ததோ முன்சக்கர கியர்பாக்ஸ். "உங்க அதிர்ஷ்டம் தம்பி, கன்வெர்ட் செலவு மிச்சம்" என்றார். நானும் மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். மடையன்.

மொத்தம் 8,500 வெள்ளி. எஞ்சின், கியர்பாக்ஸ், வயரிங், இன்டர்கூலர், மாட்டும் கூலி எல்லாம் சேர்த்து. முன்பணம் 3,000, காடி எடுக்கும்போது 5,500. பழைய எஞ்சினை அவர்களே எடுத்துக்கொள்வதாகவும், அதற்காகத்தான் கூலியைக் குறைத்ததாகவும் சொன்னார். சரி என்றேன்.

பதினோரு நாள் ஓடியது. உண்மையைச் சொன்னால் அந்தப் பதினோரு நாளும் சொர்க்கம். டர்போ அழுத்தத்தைக் காட்டுகிற பூஸ்ட் மீட்டர் 0.8 தொடும்போது சிறுபிள்ளை மாதிரி சிரித்தேன். பன்னிரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, மச்சானோடு காராக் நெடுஞ்சாலையில் ஏறினேன். கோம்பாக் டோல் தாண்டி ஏற்றத்தில் கூழாங்கல்லைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்குகிற சத்தம் கேட்டது. காலை எடுப்பதற்குள் பின்னால் ஒரே நீலப் புகை. கெந்திங் செம்பா சுரங்கத்தைக்கூட எட்டவில்லை. இழுவை லோரிக்கு 250 வெள்ளி தனி.

மறுநாள் கடைக்குப் போன் செய்தேன். முதலில் "நீங்க 95 பெட்ரோல் ஊத்தினீங்களா?" என்றார். உயர்ந்த ரகமான 97தான் ஊற்றினேன், ரசீது இருக்கிறது என்றேன். "அப்ப ஏத்தத்துல ரொம்ப அமுக்கிட்டீங்க" என்றார். டர்போ காடியை ஏற்றத்தில் அமுக்காமல் பூஜை அறையிலா வைப்பார்கள்? அடுத்த நாள் போனைக் கடைப்பையன் எடுத்தான். பாஸ் ஹட்யாய் போயிருக்கிறாராம். அதற்கடுத்து, "தைப்பூசம் முடியட்டும் தம்பி, விரதத்துல இருக்கேன், டென்ஷன் பேச்சு வேணாம்" என்று வாட்ஸ்அப். தைப்பூசம் முடிந்ததும், சீனப் புத்தாண்டு வருகிறது, லோரி ஓடாது, ஆள் இல்லை. அதுவும் முடிந்தது. பிறகு நீல டிக் மட்டும் விழுந்தது, பதில் இல்லை. கடைசியில் நேரில் போனேன். அதே மேசை, அதே முருகன். இந்த முறை தேத்தாரே இல்லை. "ஹாஃப்கட்டுக்கு வாரண்டி ஒரு வாரம்தான், இது ஊர் வழக்கம்" என்றார். முன்பு ஒரு வார்த்தை சொன்னீர்களா என்று கேட்டேன். "நீங்க கேட்கல" என்றார்.

வேறு வழியில்லாமல் காடியை வேறொரு பட்டறைக்கு இழுத்துப் போனேன். அங்கே இருந்த பெரியவர் ஹெட்டைத் திறக்கும் முன்னரே கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று பார்த்தார். மூன்றாவது சிலிண்டர் 60 பிஎஸ்ஐ. மற்ற மூன்றும் 190ஐ ஒட்டி. மூன்றாவதைப் பார்த்து நான் தலையில் கை வைத்தேன். அவரோ மற்ற மூன்றையும் பார்த்து, "ஏன்யா, டர்போ எஞ்சினுக்கு இவ்வளவு வருமா?" என்றார். திறந்ததும் தெரிந்தது. டர்போ பிஸ்டனுக்குத் தலையில் குழி இருக்க வேண்டும், அப்போதுதான் விகிதம் குறையும். இதில் குழி இல்லை. சாதாரண 1.8 எஞ்சின், 10.5. டர்போவிலிருந்து ஆயில் திரும்பி வர சாதா சம்ப்பில் வழி கிடையாது. அதற்காக ஓட்டை போட்டு வைத்ததுதான் அந்த வெல்டிங். முன்சக்கர கியர்பாக்ஸும் அந்தச் சாதா எஞ்சினோடு வந்ததுதான், என் அதிர்ஷ்டம் ஒன்றும் இல்லை. பெட்ரோல் தெளிக்கிற இன்ஜெக்டரும் சின்னதுதான். பூஸ்ட் ஏற ஏறப் பெட்ரோல் போதாமல் உள்ளே வெந்திருக்கிறது.

படம் எடுத்துக் கடைக்காரருக்கு அனுப்பினேன். ஐந்தே நிமிடத்தில் பதில் வந்தது, அத்தனை வாரம் வராத பதில். "பிளாக்கில் நம்பர் பாருங்க. 4ஜி93. நான் சொன்னதும் அதானே?" டர்போ இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிளாக்கில் அடித்திருப்பது 4ஜி93தான். அது அவருக்கும் தெரியும். ரசீதை எடுத்துப் பார்த்தேன். "எஞ்சின் 4ஜி93, டர்போ, 8,500" என்று இருக்கிறது. ஜிஎஸ்ஆர் என்ற சொல் எங்குமே இல்லை. நடுவில் ஒரே ஒரு கமா. என் 8,500 வெள்ளி அந்தக் கமாவுக்குள் இருக்கிறது.

பழையதையே திரும்ப மாட்டலாமே என்று அம்மா கேட்டார். அதை எங்கே போய்த் தேடுவது? விற்றுவிட்டார்களாம். காடியின் பதிவுத் தாளான கெரானில் இன்னும் அந்தப் பழைய எஞ்சின் எண்தான் இருக்கிறது. சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயின் அனுமதி, சோதனை, எண் மாற்றம் எல்லாம் "நம்ம ஆள் பார்த்துக்குவார்" என்று சொல்லி ஒன்றும் செய்யவில்லை. ஆக இப்போது வாசலில் நிற்பது, உள்ளே ஓடாத ஒரு எஞ்சினும் தாளில் வேறொரு எஞ்சினுமாக ஒரு காடி. அப்பா இருபது வருடம் ஒரு கீறல் விழாமல் வைத்திருந்தது.

எந்தக் காடிக்கு எந்த எஞ்சின் என்று விளக்கமாக எழுதி உதவலாம் என்றுதான் ஆரம்பித்தேன். இப்போது தலை ஓடவில்லை. கைக்கு வந்ததைச் சொல்கிறேன். பிளக் ஓட்டைக்குள் விடுகிற சின்னக் கேமரா சில பத்து வெள்ளிக்குக் கிடைக்கிறது, பிஸ்டன் தலையில் குழி இருக்கிறதா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். ஹாஃப்கட் என்றால் வெட்டிய காடியோடு சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள், பலகையில் இருப்பதை வாங்காதீர்கள். எந்தக் காடியின் எஞ்சின் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். ஓடுகிற பழைய எஞ்சினை யாருக்கும் கொடுக்காதீர்கள், வீட்டுப் பின்புறம் தார்ப்பாய் போட்டு மூடியாவது வையுங்கள். ஜேபிஜே வேலையை நீங்களே போய்ச் செய்யுங்கள். திருநீறைப் பார்த்துக் காசைக் கொடுக்காதீர்கள். அவ்வளவுதான் தோன்றுகிறது.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்கு ஃபார்ம் எடுத்துவிட்டேன். 50,000 வெள்ளிக்கு உட்பட்ட வழக்கை வக்கீல் இல்லாமல் நாமே போடலாம், கட்டணம் 5 வெள்ளிதான். 8,500க்கு 5.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கடைக்காரரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "தம்பி, நடந்ததை விடுங்க. 4ஜி63 ஒண்ணு வந்திருக்கு, நல்ல சரக்கு. உங்களுக்குன்னா 7,000." ஸ்கிரீன்ஷாட் எடுத்து மற்றவற்றோடு சேர்த்துவிட்டேன். திங்கட்கிழமை லீவு போட்டிருக்கிறேன்.