கிராம்ப்ஸ் மென்பொருளில் வம்சாவளி: நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பிறகு

ஒரு வம்சாவளி மென்பொருள் நமக்குச் சரிப்படுமா என்று பார்க்க, குடும்பப் பெயரே இல்லாத மூன்று தலைமுறையை அதில் ஏற்றினால் போதும். அப்பாவின் கடைசிப் பெயரை மகனுக்கும் தானாக நிரப்பினால், தாத்தாவின் இனிஷியல் பேரன் தலையில் வந்து உட்காரும்.

இலவச மென்பொருளான கிராம்ப்ஸும் முதலில் இதையே செய்கிறது, ஆனால் மாற்றலாம். பிரிஃபரன்சஸில் 'சர்நேம் கெஸ்ஸிங்'கை (கடைசிப் பெயரை ஊகித்தல்) 'நன்' (None, எதுவும் வேண்டாம்) என்று வையுங்கள். சர்நேம் கட்டத்தில் அப்பா பெயரை இட்டு, ஆரிஜினில் 'பேட்ரோனிமிக்' (அப்பா பெயர்வழி வந்தது) தேர்ந்தெடுங்கள். பெண்களுக்குப் பிறந்த வீட்டு இனிஷியலே முதன்மைப் பெயர். கணவர் இனிஷியலோடு வரும் பெயரை மாற்றுப் பெயராக, 'மேரீட் நேம்' வகையில் சேருங்கள். இல்லாவிட்டால் பழைய பத்திரத்தில் உள்ளவரும் ரேஷன் கார்டில் உள்ளவரும் இரண்டு ஆட்களாகிவிடுவார்கள்.

அக்கா மகளைக் கட்டிய வீடுகளில் சந்ததிப் பட்டியல் அறிக்கை ஒரே ஆளை இரு கிளைகளிலும் அச்சிடும். அங்கே 'ரிலேஷன்ஷிப் கிராஃப்' என்ற உறவு வரைபடத்தை எடுங்கள். ஒருவருக்கு ஒரு பெட்டிதான். தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வந்தால் எழுத்துருவை ஃப்ரீசான்ஸ் ஆக்குங்கள்.

தேதிதான் உண்மையான தலைவலி. தமிழ் ஆண்டுகள் இதில் இல்லை. ஜாதகத்தில் 'விகாரி, ஆடி' என்று மட்டும் இருந்தால் அது 1959 ஆகலாம், 2019 ஆகலாம், 1899கூட ஆகலாம். உடன்பிறந்தவர்களின் வயதை வைத்து எந்த அறுபதாண்டுச் சுற்று என்று தீர்மானித்து, ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை என 'பிட்வீன்' தேதியாக இடுங்கள். ஜாதக வாசகத்தைக் குறிப்பில் அப்படியே வையுங்கள். வெறும் எழுத்தாகத் தேதியை இட்டால் வயதுக் கணக்கு வராது.

ஊர்களுக்கும் கால எல்லை தரலாம் என்பது பெரிய வரம். 1996 வரை மெட்ராஸ், பிறகு சென்னை. செங்கல்பட்டுப் பக்கக் கிராமம் என்றால் 1997, 2019 மாவட்டப் பிரிப்புகளையும் பதியலாம். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் எந்த மாவட்டப் பெயரில் தேடுவது என்பது அப்போது கண்ணெதிரே இருக்கும்.

குறை: டெஸ்க்டாப் கிராம்ப்ஸில் பல ஊர் உறவினர்கள் ஒரே நேரத்தில் திருத்த முடியாது. அதுதான் முக்கியத் தேவை என்றால் பிரவுசர் வழியே பலரும் திருத்தக்கூடிய வெப்ட்ரீஸ் மென்பொருளை சர்வரில் நிறுவுங்கள். அங்கே கொண்டுபோக, வம்சாவளி மென்பொருள்களுக்குப் பொதுவான ஜெட்காம் கோப்பு போதும். ஆனால் 'பேட்ரோனிமிக்' குறிப்பு அதில் போகாது, புகைப்படங்கள் போகாது, அவை கணினியில் இருக்கும் இடத்தின் முகவரி மட்டுமே போகும். காப்புப் பிரதிக்குப் படங்களோடு சேர்ந்த கிராம்ப்ஸ் பேக்கேஜையே எடுத்து, வேறொரு டிஸ்க்கில் வையுங்கள்.