டோக்கியோவில் வீடு காலி செய்கிறீர்களா? ‘ககுனின்’ என்றதும் கையெழுத்துப் போடாதீர்கள்

சாவி ஒப்படைக்கும் நாளில் உரிமையாளர் தரப்பிலிருந்து டேப்லெட்டோடு ஒருவர் வருவார். சுவர், தரை, குளியலறை எல்லாம் கால் மணி நேரத்தில் பார்த்துவிட்டு, பத்து முறை குனிந்து நன்றி சொல்லி, கடைசியில் திரையை நீட்டி ‘ககுனின்’ என்பார். சரிபார்ப்பு என்று பொருள். வீட்டைப் பார்த்தாயிற்று என்பதற்குத்தானே என்று நம்மவர்கள் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். பழுதுச் செலவை ஏற்கிறேன் என்ற வாசகம் அதற்கு மேலேயே பொடி எழுத்தில் இருக்கக்கூடும். பிறகு செய்சான்ஷோ என்ற கணக்குச் சீட்டு வரும். ஷிகிகின், அதாவது அட்வான்ஸ், மொத்தமும் கழிந்து மேலே கட்டச் சொல்லியிருப்பார்கள்.

சீட்டில் ‘குரோசு’ என்ற வரியை முதலில் பாருங்கள். ‘கிளாத்’ என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த பெயர்தான், ஆனால் துணி இல்லை, சுவர்த்தாள். பெரும்பாலும் ஏமாற்று நடப்பது இங்கேதான். நில, உள்கட்டமைப்பு அமைச்சகத்தின் வழிகாட்டியில் சுவர்த்தாளின் ஆயுள் 6 ஆண்டு. ஆண்டுக்கு ஆண்டு மதிப்பு குறைந்து, அதன் பிறகு 1 யென். நீங்கள் கறையாக்கிய சுவர் 10 சதுர மீட்டர், சதுர மீட்டருக்கு 1,200 யென் என்றால் 12,000. புதுத் தாள் ஒட்டிய வீட்டில் 3 ஆண்டு இருந்திருந்தால் உங்கள் பங்கு சுமார் 6,000தான். சீட்டிலோ அறை முழுக்கப் போட்டு, ஆண்டுக் கழிவே இல்லாமல் எழுதியிருப்பார்கள். ஆயுள் முடிந்த தாளானாலும் குழந்தை கிறுக்கியிருந்தால் உரிமையாளர் கூலியைக் கேட்கலாம், அது வேறு.

சாதாரணத் தேய்மானம் வாடகைக்காரர் தலையில் விழாது என்பது 2020 ஏப்ரல் முதல் சிவில் சட்டத்தின் 621ஆம் பிரிவிலேயே இருக்கிறது. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் சுவர் கறுத்தது, கட்டில் கால் பதிந்த தடம், காலண்டர் மாட்டிய குண்டூசித் துளை எல்லாம் உரிமையாளர் செலவு. ஸ்க்ரூ ஓட்டை, சிகரெட் மஞ்சள், துடைக்காமல் விட்ட அடுப்படி எண்ணெய்ப் பிசுக்கு நம் செலவு. தினமும் தாளிக்கிற வீட்டில் கடைசிச் சங்கதியை மறுக்க முடியாது, வாராவாரம் துடைத்துவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் ‘டொகுயாகு’ என்று தனி நிபந்தனை போட்டு, துப்புரவுக் கட்டணத்தைத் தொகையோடு எழுதியிருந்தால் அது பெரும்பாலும் செல்லும். அதில் மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

திரையை நீட்டும்போது சொல்ல வேண்டியது: ‘மொச்சிகயெத்தே ககுனின் ஷிமஸ்’, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கிறேன். வற்புறுத்தினால், ‘கிங்காகு நி டோய் ஷிதெ இமசென்’, தொகைக்கு நான் சம்மதிக்கவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னாலும் போதும். சாவியை மட்டும் கொடுத்துவிட்டு வாருங்கள்.

பிறகு சதுர மீட்டர், விலை, ஆண்டுக் கழிவு மூன்றையும் தனித்தனியே காட்டச் சொல்லி மின்னஞ்சல் போடுங்கள். குடியேறிய அன்று எடுத்த, தேதி பதிந்த படங்களை இணையுங்கள். படம் இல்லையென்றால் பழைய கறையும் உங்கள் கணக்கில் ஏறிவிடலாம். மசியவில்லை என்றால் நுகர்வோர் உதவி எண் 188. ஜப்பானிய மொழி தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். அதற்கும் மேலே, 6 லட்சம் யென் வரையிலான தொகைக்குச் சிறு வழக்கு நீதிமன்ற முறை உண்டு, பொதுவாக ஒரே அமர்வில் முடியும்.