கறார் நடுவரா, விட்டுப்பிடிக்கிற நடுவரா?

1976 மே 22-ஆம் தேதி, ஜோஹன்னஸ்பர்க் ராண்ட் ஸ்டேடியத்தில் ஒரு குத்துச்சண்டை கடைசி மணி அடிக்க ஒரே ஒரு விநாடி பாக்கி இருந்தபோது தீர்ந்தது. 1990 மார்ச் 17-ஆம் தேதி லாஸ் வேகாஸில் இன்னொன்று, இரண்டு விநாடி பாக்கி இருந்தபோது தீர்ந்தது. முதலாவதில் நடுவர் விட்டுப்பிடித்ததால் சாம்பியனின் பட்டம் தப்பியது. இரண்டாவதில் நடுவர் கறாராக நின்றதால் ஒரு சாம்பியனின் பட்டம் போனது. டர்பனில் எங்கள் ஆட்கள் மத்தியில் நடுவர்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நான் இந்த இரண்டையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பேன்.

முதலில் நம் ஊர்க் கதை. அர்ஜென்டினாவின் விக்டர் கலிண்டஸ் லைட் ஹெவிவெயிட் சாம்பியன். எதிரே அமெரிக்காவின் ரிச்சி கேட்ஸ். மூன்றாவது ரவுண்டில் தலையோடு தலை மோதி கலிண்டஸின் வலது கண்ணுக்கு மேலே பிளந்துவிட்டது. ரத்தம் கொட்டுகிறது, கண் தெரியவில்லை, மனிதர் முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்கிறார். நடுவர் நம் நாட்டு ஸ்டான்லி கிறிஸ்டோடூலு. அந்த இடத்தில் அவர் கையை ஆட்டி நிறுத்தியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் வெட்டு தலை மோதியதால் வந்தது என்று முடிவுசெய்தார், அவகாசம் கொடுத்தார், தொடரவிட்டார். அப்புறம் பன்னிரண்டு ரவுண்டுகள் கலிண்டஸ் அந்த ரத்தத்தோடு ஆடினார். கட்டிப்பிடிக்கும்போதெல்லாம் முகத்தை நடுவரின் சட்டையிலேயே துடைத்துக்கொண்டார். போட்டுவந்த சட்டை சிவப்பாகிப்போன அந்தப் படங்களைப் பார்க்காத பாக்ஸிங் ரசிகர் இந்த நாட்டில் குறைவு. பதினைந்தாவது ரவுண்டின் கடைசி விநாடியில் கேட்ஸ் நாக் அவுட்.

இனி லாஸ் வேகாஸ். மெக்ஸிகோவின் ஜூலியோ சீசர் சாவேஸும் அமெரிக்காவின் மெல்ட்ரிக் டெய்லரும் மோதினார்கள். இருவரும் தோல்வியே காணாதவர்கள். பதினோரு ரவுண்டு முடிவில் மூன்று ஜட்ஜுகளில் இரண்டு பேர் டெய்லரை வெகுவாக முன்னே வைத்திருந்தார்கள்: 107-102, 108-101. கடைசி ரவுண்டை முடித்துவிட்டுக் கீழே இறங்கினாலே போதும். அது தெரியாமல் அவருடைய கார்னர், அதாவது மூலையில் நிற்கும் பயிற்சியாளர் குழு, அவரை முன்னே போய் மோதச் சொன்னது. சாவேஸின் வலது கை இறங்கியது. டெய்லர் விழுந்தார், கயிற்றைப் பிடித்து எழுந்தார். நடுவர் ரிச்சர்ட் ஸ்டீல் எட்டு வரை எண்ணிவிட்டு, நன்றாக இருக்கிறாயா என்று கேட்டார். பதில் இல்லை. மறுபடி கேட்டார். டெய்லரின் கண் கார்னர் பக்கம் போய்விட்டது. ஸ்டீல் நிறுத்திவிட்டார். இன்னும் இரண்டே விநாடி கடந்திருந்தால் டெய்லர் ஜெயித்திருப்பார்.

எங்கள் மாமா ஒருவர் அந்தக் காலத்தில் டர்பன் சாட்ஸ்வொர்த் பையன்களுக்குக் கார்னரில் நின்றவர். வாளி, பஞ்சு, வாஸ்லின் எல்லாம் அவர் பொறுப்பு. ஸ்டீல் பெயரைச் சொன்னாலே அவருக்கு இன்றும் கோபம் வரும்.

"எப்ப நிறுத்தணும்னு குத்து வாங்குறவனுக்குத் தெரியும்டா. வெளியே நிக்கிற ரெஃப்ரீக்கு என்ன தெரியும்?"

"குத்து வாங்குறவனுக்குத்தான் மாமா தெரியாது. தெரிஞ்சிருந்தா ரெண்டு வாட்டி கேட்டும் பதில் வராம இருக்குமா?"

இது முடியாத வழக்கு. ஆனால் என் கட்சி இதுதான்: நிறுத்துவது என்று வந்துவிட்டால் கறார் நடுவர்தான் வேண்டும், கடிகாரத்தில் எத்தனை விநாடி இருந்தாலும் சரி. டெய்லருக்கு அன்று கண்குழி எலும்பு உடைந்திருந்தது. வயிற்றில் விழுங்கிய ரத்தம் இருந்தது. சண்டைக்குப் பிறகு போக வேண்டிய இடம் ஆஸ்பத்திரி. கலிண்டஸ் வீரமாக ஜெயித்தார் என்பதால் கிறிஸ்டோடூலுவின் பொறுமையைக் கொண்டாடுகிறோம். 1962 மார்ச்சில் நியூயார்க்கில் பென்னி பாரெட் மூலையில் மாட்டிக்கொண்டு எமில் கிரிஃபித்திடம் அடி மேல் அடி வாங்கியபோது நடுவர் சற்றே தாமதித்தார். பத்து நாளில் பாரெட் இறந்துபோனார். பொறுமைக்கு இந்த இரண்டு விலையும் உண்டு. எது வரும் என்று ரிங்குக்குள் நிற்கும்போது தெரியாது.

கறாராக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல மாட்டேன். 2022 ஜூன் 5-ஆம் தேதி நம்ம டர்பனிலேயே நடந்தது. சிமிசோ புத்தெலெசி பத்தாவது ரவுண்டில், சற்று முன்புதான் எதிராளியைக் கயிறுகளுக்கு வெளியே தள்ளியிருந்தார். சண்டை மறுபடி தொடங்கியதும் திடீரென்று யாருமில்லாத மூலையைப் பார்த்துக் காற்றில் குத்த ஆரம்பித்தார். நடுவர் தயங்கவே இல்லை, உடனே நிறுத்தினார். வெற்றி எதிராளிக்குப் போனது. இரண்டு நாளில் புத்தெலெசி மூளை ரத்தக்கசிவால் காலமானார். வயது 24. நடுவரின் கை எவ்வளவு வேகமாக எழுந்தாலும், அடி அதற்கு முன்பே விழுந்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

சரி, உயிர் சமாச்சாரத்தை விட்டு ஆட்டத்தின் முடிவுக்கு வருவோம். இங்கேதான் ரசிகர்கள் கவனிக்காமல் விடுகிற விஷயம் இருக்கிறது. நடுவர் யார் பக்கமும் சாயாமல் சட்டப்படி நடந்தாலும், அவர் கட்டிப்பிடியை எவ்வளவு சீக்கிரம் பிரிக்கிறார் என்பது ஒருவருக்கு லாபமாகவும் மற்றவருக்கு நஷ்டமாகவும் போய் முடியும். நீளக் கைக்காரர், தூரத்தில் நின்று ஜாப் என்கிற நேர்க்குத்துப் போடுகிறவர், உடனுக்குடன் பிரிக்கிற நடுவரைத்தான் விரும்புவார். நெஞ்சோடு நெஞ்சு ஒட்டி விலாவில் குத்துகிறவருக்கு அதே நடுவர் எமன்.

இதற்கு மறைந்த ரிக்கி ஹாட்டனைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 2005 ஜூனில் மான்செஸ்டரில் கோஸ்ட்யா ட்ஸ்யூவோடு மோதினார். தள்ளுமுள்ளு, இழுபறி, பெல்ட்டுக்குக் கீழே இரண்டு பக்கமும் குத்துகள். அன்றைய நடுவர் பெரும்பாலும் ஆடவிட்டார். பதினோரு ரவுண்டு முடிந்ததும் ட்ஸ்யூவின் கார்னர் போதும் என்று நிறுத்திக்கொண்டது. 2007 டிசம்பரில் அதே ஹாட்டன் லாஸ் வேகாஸில் ஃப்ளாய்ட் மேவெதருக்கு எதிரே. எங்களுக்கு இங்கே ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. பாதிப் பேர் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்த சண்டை. நடுவர் ஜோ கார்டெஸ் கிட்டே போய்ப் போய்ப் பிரித்துக்கொண்டே இருந்தார். ஹாட்டன் தன் வேலையைத் தொடங்கும் முன்பே பிரேக் வந்துவிடும். ஆறாவது ரவுண்டில் ஒரு புள்ளியும் பிடுங்கினார். பத்தாவதில் ஹாட்டன் விழுந்தார். நியாயமாகச் சொன்னால், மேவெதர் அன்று எந்த நடுவரிடமும் ஜெயித்திருப்பார். ஆனால் ஹாட்டன் தன் ஆட்டத்தை ஆடித் தோற்கவில்லை, ஆடவே விடாமல் தோற்றார் என்று அவருடைய ரசிகர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது.

கட்டிப்பிடியில் கறார் எந்த எல்லை வரை போகும் என்றால், தகுதிநீக்கம் வரை. 1997 ஜூலையில் லெனாக்ஸ் லூயிஸுக்கு எதிராக ஹென்றி அகின்வாண்டே பயந்துபோய்த் தொங்கிக்கொண்டே இருந்தார். நடுவர் மில்ஸ் லேன் எச்சரித்துப் பார்த்துவிட்டு ஐந்தாவது ரவுண்டில் வெளியே அனுப்பினார். ஹோலிஃபீல்டின் காதைக் கடித்ததற்காக டைசனை அவர் தகுதிநீக்கம் செய்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. இதில் எனக்கு வருத்தமே இல்லை. டிக்கெட் வாங்கியவன் குத்துச்சண்டை பார்க்கத்தானே வந்தான்.

புள்ளி பிடுங்குவதுதான் சிக்கலான இடம். கணக்கைப் பாருங்கள். பத்துப் புள்ளி முறையில் ரவுண்டை ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்கு 9. ஒரு புள்ளி குறைத்தால் ஜெயித்த ரவுண்டே 9-9 ஆகிவிடும். அதாவது மூன்று நிமிடம் உழைத்ததை நடுவர் ஒரு விரலைத் தூக்கி அழித்துவிடலாம். ஜட்ஜுகள் மூன்று பேர், ஆளுக்கொரு பார்வை. நடுவரின் கழித்தல் மட்டும் மூன்று பேரின் மதிப்பெண் அட்டையிலும் ஒரே மாதிரி விழும். ரிங்கில் மிகப் பெரிய ஜட்ஜ் அவர்தான்.

2011 டிசம்பரில் வாஷிங்டனில் அமீர் கானும் லமாண்ட் பீட்டர்சனும் மோதியது இதற்குப் பாடப்புத்தகம். எதிராளியைக் கையால் தள்ளுகிறார் என்று நடுவர் ஜோசப் கூப்பர் ஏழாவது ரவுண்டில் ஒரு புள்ளி, பன்னிரண்டாவதில் இன்னொரு புள்ளி கானிடமிருந்து எடுத்தார். இரண்டு ஜட்ஜுகள் 113-112 என்று பீட்டர்சனுக்கும், ஒருவர் 115-110 என்று கானுக்கும் கொடுத்தார்கள். பட்டம் போனது. அந்த இரண்டு புள்ளியையும் திருப்பிக் கொடுத்தால் மூன்று அட்டையிலும் கான் வெற்றி. ஒன்றை மட்டும் திருப்பிக் கொடுத்தால் இரண்டு அட்டை 113-113, சண்டை டிரா. டிராவில் பட்டம் சாம்பியனிடமே நிற்கும், கான்தான் சாம்பியன். தள்ளுவது தவறுதான், விதியில் இருக்கிறது. ஆனால் தள்ளியதற்காகப் புள்ளி எடுப்பது அபூர்வம், அதிலும் உள்ளூர்க்காரர் எதிரே நிற்கிற சண்டையில், கடைசி ரவுண்டில்.

இதற்கு எதிர்ப்பக்கம் அதே ஆண்டு ஆகஸ்டில் நடந்தது. கானாவின் ஜோசப் அக்பேகோ சாம்பியன், எதிரே அப்னர் மாரெஸ். மாரெஸின் குத்துகள் திரும்பத் திரும்ப பெல்ட்டுக்குக் கீழே போயின. நடுவர் ரஸ்ஸல் மோரா வாயால் எச்சரித்ததோடு சரி. பதினோராவது ரவுண்டில் அப்பட்டமாகக் கீழே விழுந்த குத்தில் அக்பேகோ சுருண்டு விழ, நடுவர் அதை நாக் டவுனாக எண்ணினார். முடிவு 115-111, 115-111, 113-113, மாரெஸ் வெற்றி. அந்த ஒரு ரவுண்டை மட்டும் புரட்டிப் போட்டு, நாக் டவுனால் மாரெஸுக்கு 10-8 ஆனதை, அவரிடம் ஒரு புள்ளி பிடுங்கி அக்பேகோவுக்கு 10-8 என்று வைத்துப் பாருங்கள். 115-111 என்ற இரண்டு அட்டையும் 113-113 ஆகும். பட்டம் அக்பேகோவிடமே இருந்திருக்கும். பட்டத்தை நடத்தும் அமைப்பான ஐபிஎஃப் மறுசண்டைக்கு உத்தரவிட்டது. டிசம்பரில் மாரெஸ் சுத்தமாகவே ஜெயித்துக் காட்டினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கூப்பரா, மோராவா என்று கேட்டால் நான் கூப்பர் பக்கம் கொஞ்சம் சாய்வேன். கறார் நடுவரின் தவறு அட்டையில் எண்ணாக நிற்கிறது. யார் வேண்டுமானாலும் கூட்டிக் கழித்துப் பார்த்துச் சண்டை போடலாம். கண்டும் காணாமல் விடுகிறவரின் தவறு எங்கேயும் எழுதப்படுவதில்லை. ஆனால் என் சாய்வுக்கு ஒரு நிபந்தனை உண்டு: கறார் முதல் ரவுண்டிலேயே தொடங்க வேண்டும். முதல் தள்ளலுக்கே கூப்பிட்டு, இன்னொரு முறை செய்தால் புள்ளி போகும் என்று இரண்டு கார்னருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டால் ஆட்டக்காரர் தன் ஆட்டத்தை மாற்றிக்கொள்வார். ஆறு ரவுண்டு சும்மா இருந்துவிட்டு ஏழாவதில் சட்டம் பேசினால் என்ன செய்ய முடியும்?

வெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கண்ணுக்கு மேலே பிளந்தால், குத்தால் வந்ததா, தலையால் வந்ததா என்று நடுவர் அந்த நேரமே சொல்லியாக வேண்டும். குத்து என்றால், அந்த வெட்டால் சண்டை நிற்கும்போது காயம்பட்டவர் தோற்றவர். தற்செயலான தலைமோதல் என்றால், நான்கு ரவுண்டு முடிந்திருந்தால் அதுவரையிலான அட்டைகளைப் பார்ப்பார்கள். டபிள்யூபிசி என்கிற உலக அமைப்பின் சண்டைகளில் தற்செயலாக மோதினாலும் காயம்படாதவரிடம் ஒரு புள்ளி எடுப்பார்கள். கலிண்டஸ் கதையில் கிறிஸ்டோடூலு சொன்ன முதல் தீர்ப்பு, வெட்டு தலையால் வந்தது என்பதுதான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

அமெச்சூர் ஆட்டத்தில் இந்தக் கறார் இன்னும் பாரமாக விழும். மூன்றே ரவுண்டு. ஒரு எச்சரிக்கைக்கு ஒரு புள்ளி போகும். மூன்றாவது எச்சரிக்கையில் ஆளே வெளியே. 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் பிரான்ஸின் முராத் அலியேவ் முதல் ரவுண்டை ஜெயித்துவிட்டு, இரண்டாவது முடிய நான்கு விநாடி இருக்கும்போது தலையால் மோதியதாகத் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். ரிங்கின் விளிம்பிலேயே அரை மணிக்கும் மேலாக உட்கார்ந்து போராட்டம் நடத்தினார். எதிராளி ஃப்ரேசர் கிளார்க்கின் இரண்டு கண்ணுக்குப் பக்கத்திலும் வெட்டு இருந்தது என்பது நிஜம். எனக்கு நடுவர் மீது கோபம் இல்லை, அவர் அதற்கு முன்பே ஒரு புள்ளி எடுத்து உணர்த்தியிருக்கலாம் என்பதுதான் என் குறை.

நம் பக்கத்துச் சமூகக் கூடங்களில் சனிக்கிழமை பையன்கள் ஆடும்போது போய்ப் பாருங்கள். நடுவர் பேசுவது மூன்றே சொல்: ஸ்டாப், பாக்ஸ், பிரேக். பிரேக் என்றதும் இருவரும் ஒரு அடி பின்னே வைத்தாக வேண்டும்; வைக்காதவனை நல்ல நடுவர் முதல் தடவையே நிறுத்திக் கையால் காட்டிச் சொல்வார். விழுந்து எழுந்த பையனின் கையுறையைத் தன் சட்டையில் துடைப்பார், தரைத் தூசு எதிராளி கண்ணில் படக் கூடாது என்பதற்காக. துடைக்கிற சாக்கில் அவன் கண்ணை ஒரு முறை உற்றுப் பார்ப்பார். பார்வை ஓரிடத்தில் நிற்கவில்லை என்றால் அம்மா, தாத்தா, பயிற்சியாளர் யார் கத்தினாலும் அவ்வளவுதான். அக்பேகோவுக்கு டிவியும் ரீப்ளேயும் ஐபிஎஃப்பும் இருந்தன, மறுசண்டை கிடைத்தது. இந்தப் பையன்களுக்கு அதெல்லாம் இல்லை. அங்கே எனக்குக் கறார் நடுவர்தான் வேண்டும், அதுவும் முதல் மணியிலிருந்து. மாமாவுக்கு இதில் இன்னும் சம்மதம் இல்லை.