நியூட்ரல் கட்டான பிறகு: ரிப்பேரா, புதுசா?

கம்பத்தில் நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் பொது வயர்) அறுந்தால், 230 வோல்ட் வரவேண்டிய வீட்டுக்குள் 400 வரைக்கும் ஏறிவிடும். டிவி, வாஷிங் மெஷின் போர்டில் பெரும்பாலும் முதலில் போவது ஃபியூஸும், பக்கத்தில் வட்டத் தட்டாக நிற்கும் எம்ஓவியும்தான் (வோல்ட் எகிறினால் போர்டைக் காக்கும் பாகம்). வெடித்துக் கருகியிருப்பது கண்ணுக்கே தெரியும். இரண்டையும் அதே அளவில் மாற்றினால் சில்லறைச் செலவு. ஃபியூஸை மட்டும் போட்டால் பெரும்பாலும் உடனே மறுபடி போகும்.

கோவை கிரைண்டர் மோட்டார் புகைந்தாலும் தூக்கிப் போடாதீங்க. கல்லுக்கும் டிரம்முக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. காயில் கட்டும் பட்டறை நம்ம பக்கம் டவுனுக்கு டவுன் உண்டு. செம்புக் கம்பியா, பழைய கேஜேதானா (கம்பியின் தடிமன்) என்று கேட்டுக் கட்டுங்க.

ஃபிரிட்ஜில் மட்டும் கணக்கு மாறும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கம்ப்ரசரின் மூன்று முனைகளையும் பாடியோடு மல்டிமீட்டரில் பாருங்க. தொடர்ச்சி (கரண்ட் பாயும் இணைப்பு) காட்டினால் உள்ளே காயில் போச்சு. கம்ப்ரசர், கேஸ், ஃபில்டர், கூலி எல்லாம் சேர்த்தால் பத்து வருஷப் பழசுக்குக் கட்டாது, புதுசே மேல். கம்ப்ரசரை ஸ்டார்ட் செய்யும் ரிலேயோ, அதைக் காக்கும் ஓவர்லோடோ மட்டும் போயிருந்தால் மாற்றி ஓட்டலாம்.